ஓரிகன் பாதையில் குடும்பத்தோடு போனவர்களுக்கு எது சரி: எருதா, கோவேறு கழுதையா?

நெடுவழி:
1840களில் அமெரிக்காவில் மிசௌரி ஆற்றங்கரை ஊர்களிலிருந்து மேற்கே ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் கூண்டு வண்டி கட்டிப் போன குடும்பங்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் எருதைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வழி சுமார் 3,200 கி.மீ. எருது வண்டி நாளொன்றுக்கு 24 கி.மீ. போனாலே அதிகம். கோவேறு கழுதை பூட்டினால் 32 கி.மீ. போகலாம். கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 133 நாள், மற்றதற்கு 100 நாள். சியரா நெவாடாவில் பனி விழுவதற்குள் மலை தாண்டியாக வேண்டிய பயணத்தில் ஒரு மாதம் மிச்சம் என்றால் உயிர் மிச்சம்.

1846ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்வின் பிரையன்ட் என்ற பத்திரிகையாளர் லாரமி கோட்டைப் பக்கம் வண்டியைக் கைவிட்டு, கோவேறு கழுதைகளோடு ஹேஸ்டிங்ஸ் குறுக்குவழியில் போனார். செப்டம்பர் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சட்டர் கோட்டையை அடைந்துவிட்டார். அதே குறுக்குவழியில் எருது வண்டிகளோடு வந்த டோனர் கூட்டம் சியரா நெவாடா கணவாயின் அடிவாரத்துக்கு வந்தது அக்டோபர் கடைசியில். 87 பேரில் பாதியைவிடச் சற்று அதிகம் பேர்தான் பிழைத்தார்கள். எருதின் வேகம்தான் அவர்களைக் கொன்றது என்பேன்.

கடையாணி:
நெடுவழி சார், பிரையன்டிடம் வண்டியே கிடையாது. பொதி ஏற்றிய மிருகங்களும் சவாரி தெரிந்த ஆண்களும் மட்டும். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் பாட்டியும் இருக்கிற கூட்டத்தை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஒப்பிட வேண்டிய ஆள் வேறு. அதே ஆண்டு, அதே குறுக்குவழியில் ஹார்லன்-யங் கூட்டமும் வண்டிகளோடுதான் போனது. அவர்கள் வீபர் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, பனிக்கு முன்னால் மலை தாண்டிவிட்டார்கள். டோனர் கூட்டம் வாசாட்ச் மலையில் மரம் வெட்டிப் புதுப் பாதை போட்டதில் வாரக்கணக்கில் நாட்களை இழந்தது. கோடரி பிடித்து வழி வெட்டுகிற இடத்தில் எருதும் கழுதையும் ஒரே வேகம்தான்.

அடுத்தது தீனி. அந்த 32 கி.மீ. தானியம் தின்கிற கழுதையின் வேகம். அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோவேறு கழுதைக்கு அன்றாடப் படி 9 பவுண்டு தானியம், அதாவது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உலர்புல் தனி. ஆறு கழுதை பூட்டினால் நாளைக்கு 24 கிலோவுக்கு மேல் ஆகிறது. நூறு நாளைக்கு 2,450 கிலோ. குடும்ப வண்டி தாங்கும் சுமையே 900 முதல் 1,100 கிலோதான். ஆக, தானியத்தைக் கொண்டுபோக வழியில்லை, வழியோரப் புல்தான் கதி. பிளாட் நதிக்கரையைத் தாண்டியபின் புல் முரடாகி, காய்ந்துவிடும். எருது அசைபோடுகிற மிருகம். அந்த முரட்டுப் புல்லிலிருந்தும் சத்து எடுக்கும். கழுதைக்கு அது பத்தாது, ரெண்டு மாதத்தில் விலா எலும்பு தெரியும். அப்புறம் 32 எங்கே, 24 எங்கே.

விலையையும் பாருங்கள். அந்த வழிகளை நன்றாக அறிந்த ராணுவ அதிகாரி ராண்டால்ஃப் மார்சி 1859ல் பயணிகளுக்காக எழுதிய கையேட்டில் கணக்கு இருக்கிறது: ஆறு கழுதைக்கு 600 டாலர், எட்டு எருதுக்கு சுமார் 200 டாலர். நிலத்தை விற்றுக் கிளம்புகிற குடும்பத்துக்கு அந்த 400 டாலர் ஒரு வருஷச் சாப்பாடு. முதல் நுகத்தடியில் ஒரு மாடு செத்தால் கறவைப் பசுவைக் கொண்டுவந்து பூட்டலாம். அவசரத்துக்கு எருதை அறுத்தும் சாப்பிடலாம்.

மருதன்:
கடையாணி அண்ணே, ஒரு சந்தேகம். அந்த மாடுகளுக்குத் திமில் கிடையாதே, நுகத்தடி எப்படி நிற்கும்? மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு இல்லாமல் எப்படி ஓட்டினார்கள்? லாடம் கட்டினார்களா?

கடையாணி:
தம்பி, நுகத்தடி கழுத்தின் மேல் உட்காரும். ஹிக்கரி மரத்தை நீராவியில் வளைத்து ‘ப’ வடிவத்தில் ரெண்டு வில் செய்வார்கள். அதைக் கழுத்துக்கு அடியிலிருந்து மேலே நுகத்தடி ஓட்டைக்குள் செருகி முளை அடிப்பார்கள். மாடு தோளால் அந்த வில்லைத் தள்ளும். நுகத்தடி நடுவிலுள்ள இரும்பு வளையத்திலிருந்து சங்கிலி பின்னால் போகும். கயிறு பிடித்து ஓட்டும் வழக்கம் இல்லை. ஓட்டுகிறவர் இடப்பக்கம் கூடவே நடப்பார். ‘ஜீ’ என்றால் வலம், ‘ஹா’ என்றால் இடம், ‘வோ’ என்றால் நில். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனாலும் ஓட்ட முடிந்தது. கழுதைக்கு அது நடக்காது. தோல் வார், கழுத்துப் பட்டை எல்லாம் அந்தந்த மிருகத்துக்கு அளவெடுத்ததாக இருக்க வேண்டும். அளவு தப்பினால் தோளில் புண் வரும், புண் வந்தால் அது இழுக்காது.

லாடம்தான் எருதின் பலவீனம், அதை மறைக்க மாட்டேன். பிளந்த குளம்பு என்பதால் ஒரு காலுக்கு ரெண்டு துண்டு வேண்டும், நாலு காலுக்கு எட்டு. குதிரை மூன்று காலில் நின்று காட்டும், எருது நிற்காது. பட்டறை இல்லாத வெளியில் நீளமாகப் பள்ளம் வெட்டி, மாட்டை முதுகு கீழே இருக்கும்படி அதற்குள் கவிழ்த்துக் கால்களைக் கட்டி அடிப்பார்கள். லாடம் இல்லாதவர்கள் காட்டெருமைத் தோலில் பை தைத்துக் குளம்பில் கட்டினார்கள். கூர்ங்கல்லிலும் சூட்டு மணலிலும் குளம்பு தேய்ந்து ரத்தம் வந்தால் அந்த மாட்டை நுகத்திலிருந்து கழற்றி விட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் ஓர் இணை உபரியாக ஓட்டிப் போவது.

நெடுவழி:
லாடத்தோடு நிறுத்திவிட்டீர்கள். தண்ணீரைப் பற்றி யார் பேசுவது? உப்புப் பாலைவனத்தில் தாகம் பொறுக்காமல் டோனர் கூட்டத்தில் வந்த ரீட் குடும்பத்து எருதுகள் தறிகெட்டு ஓடின. கடைசியில் அவர்களுக்கு மிஞ்சியது ஓர் எருதும் ஒரு பசுவும். கூட்டம் முழுதுமாகப் போனது 36 மாடுகள். கோவேறு கழுதை சூட்டை எருதைவிட நன்றாகத் தாங்கும், உப்புத் தண்ணீரில் வாய் வைக்கத் தயங்கும். எருது காரக் குட்டையைக் கண்டால் வயிறு முட்டக் குடித்து உப்பிச் சாகும். பன்றிக் கொழுப்பைத் தொண்டையில் திணித்தும் வினிகர் ஊற்றியும் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடிந்தது?

நெவாடாவில் நாற்பது மைல் பாலைவனத்துக்கு வைத்திருக்கிற வரலாற்றுப் பலகையில் 1850ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது: செத்த கோவேறு கழுதை 1,061, குதிரை ஏறக்குறைய 5,000, மாடு 3,750, மனிதக் கல்லறை 953. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

செங்கமலம்:
நெடுவழி, அந்த எண்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எத்தனை மாடு உள்ளே போனது, எத்தனை கழுதை உள்ளே போனது என்ற கணக்கு இல்லாமல், செத்ததை மட்டும் எண்ணி எந்த இனம் தாங்கும் என்று முடிவு கட்டுவது தப்பு. மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட வண்டிகளை இழுத்தது எருதுதான், அதுபோக உபரி மாடுகள், கறவைகள். அந்த ஒரே ஆண்டில் கலிபோர்னியா பக்கம் 40,000 பேருக்கு மேல் போனார்கள். முன்னால் போனவர்களின் மிருகங்கள் கரையோரப் புல்லை மொட்டையடித்துவிட்டன, பின்னால் வந்தவற்றுக்குத் தீனியில்லை. பாலைவனத்தில் விழுந்த மிருகங்களில் பல அதற்கு முன்பே, ஹம்போல்ட் நதிக்கரையிலேயே பாதி செத்தவை. அந்தப் புல்லையும் காட்டெருமையையும் நம்பி வாழ்ந்த லகோட்டா, ஷையன், பானீ மக்களுக்கு நேர்ந்ததை இந்த விவாதங்களில் யாரும் பேசுவதே இல்லை. பூர்வகுடிகளின் தாக்குதல்தான் பெரிய ஆபத்து என்பதும் பொய். ஜான் அன்ரூ என்ற வரலாற்றாசிரியர் திரட்டிய கணக்குப்படி 1840 முதல் 1860 வரை அவர்கள் கொன்ற பயணிகள் 362 பேர். பயணிகள் கொன்ற பூர்வகுடிகள் 426 பேர். காலராவும் மற்ற நோய்களும் கொன்றது இதைப்போலப் பல மடங்கு.

நீங்கள் ரெண்டு பேரும் மிருகத்தையே பார்க்கிறீர்கள். நான் வண்டியையும் சுமையையும் பார்க்கச் சொல்கிறேன். மரத்தொட்டி நீளம் 3 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். அதிர்வு தாங்கும் வில் (ஸ்பிரிங்) கிடையாது, ஓட்டுகிறவருக்கு ஆசனம் கிடையாது. வெற்று வண்டி மட்டும் 600 கிலோ அளவில் வரும். மிசௌரியின் ஈரக்காற்றில் செய்த சக்கரம் பிளாட் நதி தாண்டி வறண்ட மேட்டுநிலத்துக்கு வந்ததும் சுருங்க ஆரம்பிக்கும். முதலில் ஆரக்கால் வட்டைக்குள் கடகடவென்று ஆடும். அடுத்து இரும்புப் பட்டா கழன்று சக்கரத்தை விட்டு நழுவும். ராத்திரி ஆற்றில் ஊறப்போட்டால் மறுநாள் மத்தியானம் வரை தாங்கும். பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவே மர ஆப்பு அடித்தால் இன்னும் சில நாள். முறையான வைத்தியம் ஒன்றுதான்: பட்டாவைக் கழற்றி, வட்டையைச் சுற்றி மெல்லிய மரப்பட்டை அடித்து, பட்டாவைத் தீயில் சிவக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது. அதற்கு விறகு வேண்டும். மரமே இல்லாத சமவெளியில் சமைக்கவே காட்டெருமை வறட்டி எரித்தவர்களுக்கு அது லேசான வேலையில்லை.

அச்சு முறிந்தால் மாற்று மரம் கிடைக்காது என்பதால் உபரி அச்சையும் ஏர்க்காலையும் வண்டிக்கு அடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பின் அச்சில் மை வாளி தொங்கும், தாரும் கொழுப்பும் கலந்த மை. தீர்ந்தால் பன்றிக் கொழுப்பு. இதெல்லாம் சுமைதான். சுமை கூடினால் எருதும் விழும், கழுதையும் விழும். இரும்பு அடுப்பும் அலமாரியும் லாரமி கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் வழியெங்கும் வீசப்பட்டுக் கிடந்தது அதனால்தான்.

குழந்தைகளுக்கு வந்த ஆபத்தும் வண்டியால்தான். 1844ல் கேத்தரின் சேகர் என்ற சிறுமி ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கும்போது பாவாடை கோடரிக் காம்பில் சிக்கிக் கீழே விழுந்தாள். சக்கரம் ஏறிக் கால் முறிந்தது. அந்தப் பயணத்திலேயே அவள் அப்பாவும் அம்மாவும் நோயில் இறந்து ஏழு பிள்ளைகள் அனாதை ஆனார்கள். இதை எந்த மிருகம் தடுத்திருக்கும்?

நெடுவழி:
செங்கமலம் அம்மா, சுமை பற்றிச் சொன்னது சரி. ஆனால் நாள் கணக்கை இன்னும் யாரும் மறுக்கவில்லை. 1856ல் மார்மன் மதத்தாரின் தள்ளுவண்டிக் கூட்டங்களைப் பாருங்கள். தள்ளுவண்டியில் மிருகமே பூட்டாமல் மனிதர்கள் இழுத்தார்கள், ஆளுக்கு 17 பவுண்டு மூட்டைதான் அனுமதி. ஜூன் மாதம் அயோவா சிட்டியிலிருந்து கிளம்பியவர்கள் அக்டோபர் தொடக்கத்துக்குள் சால்ட் லேக் போய்ச் சேர்ந்தார்கள். ஜூலை பாதிக்கு மேல் கிளம்பிய வில்லி, மார்ட்டின் கூட்டங்கள் பனியில் மாட்டி 200 பேருக்கு மேல் செத்தார்கள். தாமதம்தான் எமன். அதனால்தான் வேகமான மிருகம் வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. எருதை வைத்திருப்பவன் புல் முளைக்கிற வரை, ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம் வரை, மிசௌரிக் கரையில் காத்திருக்க வேண்டும். கழுதைக்கு மூன்று வாரத் தானியம் ஏற்றிக்கொண்டால் ஏப்ரல் நடுவிலேயே கிளம்பிவிடலாம். புல் முளைக்கும்போது நீங்கள் பிளாட் நதியில் எல்லாருக்கும் முன்னால், மொட்டையடிக்காத புல்லில் மேய்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

கடையாணி:
நல்ல வாதம். அதையும் எடை போட்டே பார்ப்போம். ஆறு கழுதை, 21 நாள், ராணுவப் படி: 515 கிலோ. மார்சி சொல்கிற படி பெரியவர் ஒருவருக்கு 110 நாளைக்கு மாவு 68 கிலோ, உப்புப் பன்றி இறைச்சி 11, சர்க்கரை 11, காபி 7. நாலு பேருக்கு 390 கிலோ ஆகிறது. ரெண்டையும் கூட்டினால் 900ஐத் தாண்டியது. இன்னும் பீன்ஸ், உப்பு, கூடாரம், படுக்கை, கோடரி, கலப்பைக் கொழு, துப்பாக்கி, செங்கமலம் சொன்ன உபரி அச்சு எதுவும் ஏறவில்லை. பிள்ளைகள் கணக்கிலேயே இல்லை. தங்கம் தேடி 1849ல் தனியாகப் போன ஆண்களுக்கு உங்கள் திட்டம் பொருந்தும், சிலர் அப்படிப் போகவும் செய்தார்கள். குடும்ப வண்டிக்கு ஒத்துவராது.

தள்ளுவண்டி உதாரணம் உங்களுக்கே எதிராகத்தான் போகிறது. ஜூனில் கிளம்பியவர்கள், ஜூலையில் கிளம்பியவர்கள் எல்லாரும் நடந்த வேகம் ஒன்றுதான். கிளம்பிய தேதி மட்டும் வேறு. பிந்திய கூட்டங்களின் வண்டிகள் பச்சை மரத்தில் அவசரமாகச் செய்தவை, வழியிலேயே சுருங்கி உடைந்து, பழுது பார்ப்பதில் நாள் போனது. வில்லி கூட்டம் செப்டம்பரில், கூட வந்த உணவு வண்டிகளை இழுத்த சுமார் 30 மாடுகளை இழந்ததால் மாவு மூட்டையையும் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டி வந்தது. ஜூலை 4க்குள் வயோமிங்கில் இன்டிபென்டன்ஸ் பாறையைத் தொட்டாக வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பயணிகள் வைத்திருந்த அளவுகோல். மே தொடக்கத்தில் கிளம்பி, ஞாயிறு ஓய்வையும் ஆற்றங்கரைத் தாமதத்தையும் சேர்த்தும் எருது அதை எட்டும். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான எருது வண்டிகள் எட்டின. எட்டாதவர்கள் பிந்திக் கிளம்பினார்கள், அல்லது யாரோ சொன்ன குறுக்குவழியை நம்பினார்கள்.

மருதன்:
அப்போ அஞ்சல் வண்டிகள் ஏன் கோவேறு கழுதையைப் பூட்டின அண்ணே?

கடையாணி:
வழிநெடுக நிலையம் இருந்ததால் தம்பி. 1850களின் கடைசியில் சில மணி நேரத்துக்கு ஒரு நிலையம், அங்கே புதுக் கழுதையும் தானியமும் தயாராக இருக்கும். அந்த வசதியைக் கம்பெனி செய்துகொண்டது. குடும்ப வண்டிக்கு அப்படி யார் செய்வது? அவர்களுக்குக் கிடைத்தது பிரிட்ஜர் கோட்டை, ஹால் கோட்டை மாதிரி வியாபார இடங்கள் மட்டும். அங்கே களைத்த ரெண்டு எருதைக் கொடுத்து, மேய்ந்து தேறிய ஓர் எருதை வாங்கலாம். வியாபாரி அந்த ரெண்டையும் சில வாரம் மேயவிட்டு, அடுத்து வருகிறவருக்கு இதே பேரத்தில் கொடுப்பார்.

நெடுவழி:
அந்தப் பேரத்தில் யார் பிழைத்தார் என்பதையும் சொல்லுங்கள். ரெண்டுக்கு ஒன்று என்றால் நாலு இணையோடு வந்தவன் ரெண்டு இணையோடு வெளியேறுகிறான். அதை வைத்து மிச்சம் இருக்கிற மலைகளைத் தாண்ட வண்டியில் பாதியை இறக்க வேண்டும். களைத்துப்போகாத மிருகத்தை முதலிலேயே வாங்கியிருந்தால் அந்தக் கோட்டையில் நிற்க வேண்டிய தேவையே வந்திருக்காது. 600 டாலர் கையில் இருக்கிற குடும்பத்துக்கு நான் இன்னும் கோவேறு கழுதையைத்தான் சொல்வேன், சுமையை 700 கிலோவுக்குள் நிறுத்திக்கொண்டால்.

செங்கமலம்:
700 கிலோவுக்குள் நிறுத்தினால் 200 டாலர் எருதுகளும் களைக்காது நெடுவழி. நாலு இணையில் தினம் மூன்றைப் பூட்டி ஓர் இணைக்கு ஓய்வு கொடுத்தால், ஒவ்வொரு மாடும் நாலு நாளைக்கு ஒரு நாள் சும்மா நடக்கும். மிச்சமான 400 டாலரில் ஓரிகனில் முதல் குளிர்காலத்துக்கு மாவும் விதைக் கோதுமையும் வாங்கலாம். அங்கே போய்ச் சேருகிற அக்டோபரில் எந்தக் குடும்பத்துக்கும் விளைச்சல் என்று ஒன்று கையில் கிடையாது.