விருந்தினர் பதிவா, விருந்தெழுத்தா?

பொருள்: ‘விருந்தினர் பதிவு’ – மாற்றுச்சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

பிறருடைய வலைப்பதிவுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் கட்டுரையை ‘விருந்தினர் பதிவு’ என்றே இதுவரை எழுதிவந்தேன். அப்படி எழுதத் தகுந்த வலைப்பதிவுகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு வழிகாட்டியை இப்போது மொழிபெயர்க்கிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். ‘விருந்தினர் பதிவுக்கு ஏற்ற பதிவுகள்’ என்று எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தால், தங்கும் விடுதியில் நம் பெயரும் முகவரியும் எழுதி வாங்கும் பேரேடுதான் கண்முன் வருகிறது. ‘வருகைப் பதிவு’ அதைவிட மோசம். “உள்ளேன் ஐயா” என்று சொல்லத் தோன்றுகிறது. போதாததற்கு முதல் ‘பதிவு’ இடுகை, அதாவது ஒரு கட்டுரை. இரண்டாவது ‘பதிவு’ வலைப்பதிவு, அதாவது முழுத் தளம். எதைப் ‘பதிவு’ என்பது என்ற பழைய சண்டையை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம்.

எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று கட்டுரைக்கு. மற்றது, எங்கே எழுதலாம் என்று தேடிச் சலித்தெடுக்கும் வேலைக்கு. கைவசம் இருப்பவை: விருந்திடுகை, களந்தேர்வு. ‘தேர்தல்’ என்று வைக்கத்தான் ஆசை. வாக்குப்பெட்டி குறுக்கே வந்துவிடுகிறது.

அன்புடன்.

—

பொருள்: மறு: ‘விருந்தினர் பதிவு’ – மாற்றுச்சொல் வேண்டும்

> கைவசம் இருப்பவை: விருந்திடுகை, களந்தேர்வு.

அந்த வேலையை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் தன் துறையின் பெயரோடு ‘ரைட் ஃபார் அஸ்’ (எங்களுக்கு எழுதுங்கள்) என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவார். அழைப்புப் பக்கத்துக்கு அங்கே பலரும் அதே தலைப்பை வைப்பதால் வலை வீசியதும் மீன் விழுகிறது. தமிழில் அதே போலத் தேடிப் பார்த்தேன். ஒருவர் ‘படைப்புகளை அனுப்புங்கள்’ என்கிறார், இன்னொருவர் ‘எழுத வாருங்கள்’ என்கிறார், மூன்றாமவர் ‘தொடர்புக்கு’ பக்கத்தின் அடியில் ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார். நான்கு பேருக்கு நான்கு பெயர் இருந்தால் தேடுபொறி என்ன செய்யும்? நமக்குச் சொல் அமைவது அழகுக்காக மட்டும் இல்லை. சொல் நிலைத்தால்தான் இடமே கண்ணில் படும்.

எனவே சொல் ஒரே வடிவில் எழுதப்பட வேண்டும். விருந்தினர் பதிவு, விருந்தினர்பதிவு, விருந்துப் பதிவு, விருந்துப்பதிவு, விருந்து பதிவு என ஐந்தையும் பார்த்திருக்கிறேன். மேற்கோள் குறிக்குள் தேடும்போது ஒரு ப்-பும் ஓர் இடைவெளியும் போதும், கிடைக்க வேண்டியது நழுவிவிடும். ஒற்று மிகாத, பிரித்தெழுதத் தோன்றாத சொல் எது என்று யோசித்ததில் விருந்தெழுத்து அகப்பட்டது. ‘விருந்து’ என்பதற்குப் புதுமை என்பதும் பழைய பொருள்தான். தொல்காப்பியம் சொல்லும் எட்டு வனப்புகளில், அதாவது செய்யுள் அழகுகளில், விருந்தும் ஒன்று. புதிதாகப் புனையும் யாப்புக்கு அந்தப் பெயர். வேறிடத்தில் வந்ததை அப்படியே கொண்டுபோய் ஒட்டினால் எந்த நல்ல வலைப்பதிவரும் ஏற்கமாட்டார். அந்த நிபந்தனை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இனி இரண்டாவது சொல். ‘தேர்வு’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. பட்டியல் போட அரைமணி நேரம் போதும். அதைச் சலிப்பதுதான் வேலை. (‘சலிப்பு’ என்று பெயர் வைத்தாலும் தகும், பத்தாவது தளத்தில் அந்த நிலைதான்.) அண்மையில் ஒரு தளம் பார்த்தேன். தோட்டக்கலை. முகப்பு அருமை. நான்கு பக்கம் பின்னால் போனால் நாய்க்குட்டி வளர்ப்பு, அடுத்து தனிநபர் கடன், அடுத்து பல்வலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப்பெயர், எந்தப் பெயரும் இரண்டாம் முறை வரவில்லை. ஒவ்வொன்றிலும் நடுப்பத்தியில் ஒரே ஒரு சுட்டி (லிங்க்), ஏதோ ஒரு கடைக்கு. கருத்துப்பெட்டி காலி. அது வலைப்பதிவு இல்லை, சுட்டிச் சந்தை. ஆனால் அதன் ‘டொமைன் அத்தாரிட்டி’ மதிப்பெண் நன்றாகவே இருந்தது. ஒரு தளம் தேடலில் எவ்வளவு முன்னால் வரக்கூடும் என்று கணிக்கும் அந்த 1 முதல் 100 வரையான அளவுகோல் மோஸ் நிறுவனத்துடையது, கூகுள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் வழிகாட்டி மதிப்பெண்ணை முதல் வடிகட்டியாக வைத்திருந்தால் அந்தப் பகுதியை நம்பாதீர்கள். அந்தத் தளத்தின் வாசகர் நம் கட்டுரையைப் படிப்பாரா என்பதற்கு எண் பதில் சொல்லாது.

அதனால் என் பரிந்துரை களநாடல். ‘நாடு’ என்ற வினைக்குத் தேடுவதும் பொருள், ஆராய்வதும் பொருள். ‘குணம்நாடிக் குற்றமும் நாடி’ என்ற குறளை நினைத்துக்கொள்ளுங்கள். இதிலும் ஒற்று மிகாது.

இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு வெளியிடுவதற்கு விருந்தெழுத்து என்ற சொல்லைக் கொடுக்கக் கூடாது. சாப்பிட்டதும் பில் நீட்டினால் அது விருந்தா? சுட்டிக்காக மட்டும் இப்படி எழுதுவது முடிந்த கதை என்று அப்போது கூகுளில் தேடல் மோசடிகளைத் தடுக்கும் குழுவை நடத்திய மேட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே எழுதினார். பணம் கைமாறிய சுட்டிகளைக் குறிக்க 2019-இல் கூகுள் ‘ஸ்பான்சர்டு’ என்ற தனிக்குறியே கொண்டுவந்தது. நமக்கும் அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

—

பொருள்: மறு: மறு: ‘விருந்தினர் பதிவு’ – மாற்றுச்சொல் வேண்டும்

களநாடலை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்கிறேன். விருந்தெழுத்தில்தான் தயக்கம். தொல்காப்பியம் அறிந்தவருக்குப் புதுமை. மற்றவருக்கு விருந்தென்றால் இலையும் பாயசமும்தான். வீட்டில் சொல்லிப் பார்த்தேன், “சமையல் குறிப்பா?” என்று கேட்டார்கள். சமையல் வலைப்பதிவுகளில் இது பெரிய குழப்பமாகும். ஆனாலும் ஒரே வடிவம் என்ற உங்கள் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. என் விருந்திடுகைக்கும் ஒற்றுச் சிக்கல் கிடையாதுதான், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் யாரோ பரிமாறுகிற மாதிரி இருக்கிறது.

இடம் கொடுப்பவரை ‘ஓம்புநர்’ என்று சொல்ல நினைத்தேன். வழங்கித் (சர்வர்) துறையில் ‘ஹோஸ்ட்’ என்பதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ‘பதிவர்’ என்றே விட்டுவிட்டேன். காசு விஷயத்துக்கு இப்போதைக்குக் ‘கட்டண இடுகை’. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

தலைப்பு ‘விருந்தெழுத்துக்குக் களநாடல்’ என்று போகிறது. முதல் பத்தியில் ‘விருந்தினர் பதிவு’ என்ற பழைய பெயரையும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். தேடுகிறவர்கள் இன்று அதைத்தானே தட்டச்சு செய்கிறார்கள்.