அடுப்படி மொசைக் சுவர்: வேலை முடிந்தது

கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் வீட்டில், உப்புப் பூக்கும் அடுப்படிச் சுவரில் கண்ணாடி மொசைக் (சிறு கண்ணாடி டைல்ஸ்) நிற்குமா என்று சென்ற மாதம் உங்களிடம் கேட்டிருந்தேன். பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, புதுப் பூச்சு நன்கு காய்ந்த பிறகே பதித்தோம். கண்ணாடி வழியே சாம்பல் நிறப் பசை தெரியும் என்பதால் வெள்ளைப் பசையையே வாங்கினேன். இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சிமெண்ட் கலவை மஞ்சள் கறையை உறிஞ்சிக்கொள்ளும் என்று நீங்கள் எச்சரித்தபடி, மறுநாள் இடைவெளிகளில் எப்பாக்ஸி என்னும் பிசின் கலவையை நிரப்பினோம். அது விரைவில் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலந்து, டைல்ஸ் மேல் படிந்ததை உடனுக்குடன் ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே வந்தவர் என் மனைவி. வேலையின் நேர்த்தி அவருடையது. மேடையும் சுவரும் சேரும் மூலையில், விரிசல் விழாதிருக்க, சிலிக்கோன் என்னும் நெகிழ்வான பசையை இட்டோம். நேற்று மீன்குழம்பு தெறித்த இடம் ஒரே துடைப்பில் சுத்தமாயிற்று.