பிக் லைனா, கீமோ போர்ட்டா: வலது கை மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு நோயாளிக்காக ஒரு விவாதம்

அரசலாறு எழுதியது:

பாபநாசம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் என் தாயாருக்கு வயது 58. இடது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டதால், இடது கையில் ஊசி போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தஞ்சாவூரில் அட்ரியாமைசின் கலந்த கீமோ மூன்று சுற்றுகள் வலது கை வழியாகவே ஏறின. இப்போது புறங்கையிலிருந்து முழங்கை வரை நரம்புகள் கறுத்து, தடவிப் பார்த்தால் காய்ந்த வைக்கோல் பிரி போல் விறைத்துக் கிடக்கின்றன. மூன்றாம் சுற்றின்போது ஐந்து முறை குத்திய பிறகே ஊசி நின்றது. (மருத்துவர்கள் இதைச் சிரை என்று எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அது நரம்புதான் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.)

இன்னும் ஒரு சுற்றும், அதன் பின் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பாக்லிடாக்செல் என்ற வேறொரு கீமோ மருந்தும் மீதமிருக்கின்றன. புற்றுநோய்ச் செல்களில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இரண்டுங்கெட்டானாக வந்ததால், அதன் மரபணுவைப் பார்க்கும் ஃபிஷ் சோதனைக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருக்கிறோம். மருத்துவமனையில் ஒருவர் பிக் லைன் போதும் என்கிறார், மற்றொருவர் போர்ட் (நெஞ்சுத் தோலுக்கடியில் புதைத்து, மேலிருந்து ஊசி குத்தி மருந்து ஏற்றும் குழாயுடன் கூடிய சிறு குமிழ்) வைத்துவிடுங்கள் என்கிறார். எதைக் கேட்பது?

மண்ணியாறு (கீமோ பிரிவுச் செவிலியர்) எழுதியது:

தம்பி, உங்கள் தாயாருக்குப் பிக் லைனே போதும் என்பது என் கருத்து. மேற்கையில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் கருவியில் நரம்பைப் பார்த்தபடியே மெல்லிய குழாயை நுழைத்து, அதன் முனையை இதயத்திற்குச் சற்று மேலே உள்ள பெருநரம்பில் கொண்டு நிறுத்துவார்கள். ஆபரேஷன் தியேட்டர் தேவையில்லை. செலவு போர்ட்டை விடப் பல மடங்கு குறைவு. வேலை முடிந்தாலோ ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, படுக்கையிலேயே சில நிமிடங்களில் உருவி எடுத்துவிடலாம். போர்ட்டை எடுக்க இன்னொரு முறை கீற வேண்டும்.

பிக் லைனுக்கு எல்லோரும் சொல்லும் குறை, வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றி உப்பு நீரால் குழாயைக் கழுவ வேண்டும் என்பது. பாக்லிடாக்செலுக்காக அவர் வாரந்தோறும் தஞ்சாவூருக்கு வரத்தானே போகிறார்? வந்த இடத்தில் அந்த வேலையும் முடிந்துவிடும்.

குடமுருட்டி (மயக்கவியல் மருத்துவர்) எழுதியது:

வாரந்தோறும் வருவார் என்ற வாதம் நியாயமானது, சகோதரி. ஆயினும் அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கை என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மேற்கை நரம்பு குறுகலானது. குழாய் அதன் விட்டத்தில் பாதியை நெருங்கினாலே இரத்தம் தேங்கி உறையக்கூடும். அப்படி உறைந்தால் கை வீங்கும், குறைந்தது மூன்று மாதமாவது இரத்த உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்க நேரும். சோறு பிசைவதிலிருந்து மாட்டுக்குப் புல் கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அவர் நம்பியிருக்கும் கை அது. இரத்தம் எடுக்க, நாளை வேறு அவசரத்துக்கு ஊசி போட, அதை விட்டால் வேறு கையும் இல்லை.

பிரிட்டனில் 18 புற்றுநோய்ப் பிரிவுகளில் 1061 நோயாளிகளைச் சேர்த்து 2013 முதல் 2018 வரை நடந்த காவா ஆய்வு, 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதில் போர்ட்டையும் பிக் லைனையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பகுதியில், போர்ட் வைத்தவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் பிக் லைன் வைத்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் தொற்று, உறைவு, அடைப்பு போன்ற சிக்கல்களில் ஏதேனும் ஒன்று வந்தது. அத்தனைக்கும் போர்ட் உடலில் இருந்த காலம் அதிகம்.

மண்ணியாறு எழுதியது:

அது பிரிட்டன், ஐயா. அங்கே போர்ட்டைக் கையாளத் தெரிந்த செவிலியர் ஊருக்கு ஊர் இருப்பார். போர்ட்டுக்கு நுனி வளைந்த ஹூபர் ஊசிதான் வேண்டும். சாதாரண ஊசியால் குத்தினால் மேலே உள்ள சிலிக்கோன் மூடி துண்டு துண்டாகப் பெயர்ந்துவிடும் என்பது நம் பக்கத்துச் சிறு மருத்துவமனைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? காய்ச்சலென்று போன ஒரு நோயாளிக்கு, அடைத்திருந்த போர்ட்டை இரண்டு மில்லி சிரிஞ்சால் அழுத்தித் தள்ளப் போனார்கள். அவருடைய மகள் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டதால் நிறுத்த முடிந்தது. சிரிஞ்சு சிறிதாக ஆக அழுத்தம் கூடும், உள்ளே குழாயே கிழியலாம். பத்து மில்லிக்குக் குறைந்த சிரிஞ்சைத் தொடக் கூடாது.

போர்ட் என்றால் மருந்து வெளியே கசியாது என்ற நம்பிக்கையும் தவறு. ஹூபர் ஊசி சற்று விலகினாலும் அட்ரியாமைசின் நெஞ்சுத் தோலுக்கடியில் இறங்கிப் புண்ணாக்கிவிடும். ஏற்றுவதற்கு முன் இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்க்காமல் அந்தச் சிவப்பு மருந்தை நான் தொடுவதில்லை.

வெட்டாறு (ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர்) எழுதியது:

போர்ட் என்பதில் குடமுருட்டியாரோடு உடன்படுகிறேன். எந்த வழியில் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு வரும் என்று நினைக்கிறேன். இன்றைய இளையவர்கள் எல்லோரும் ஸ்கேன் பார்த்துக் கழுத்து நரம்பில் ஊசி போடுவதையே ஒரே வழி என்கிறார்கள். தோளுக்குக் கீழே சிறிதாகக் கீறி, கையிலிருந்து வரும் செஃபாலிக் நரம்பைக் கண்ணால் பார்த்து எடுத்து, அதில் குழாயைச் செலுத்தும் பழைய முறையில், குருட்டாம்போக்கில் ஊசி போவதே இல்லை. ஆகவே நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று சேரும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. போர்ட் உட்காரத் தோலுக்கடியில் வேண்டிய பையையும் அதே கீறலிலேயே செய்துவிடலாம்.

ஆய்வு வேண்டுமென்றால் அதுவும் உண்டு. இத்தாலியில் 403 புற்றுநோயாளிகளை மூன்றாகப் பிரித்து, கழுத்து நரம்பில் ஸ்கேன் இல்லாமல் வெளி அடையாளம் பார்த்து ஊசி போடுதல், காறை எலும்புக்கடியில் உள்ள நரம்பில் ஸ்கேன் பார்த்துப் போடுதல், செஃபாலிக் நரம்பைக் கீறி எடுத்தல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். உடனடிச் சிக்கல்களிலும் பிந்தைய சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பழகிய கைக்கு எது வருகிறதோ அதைச் செய்யட்டும்.

குடமுருட்டி எழுதியது:

ஐயா, அந்த ஆய்வில் கழுத்து நரம்பில் ஊசி போட்டவர்கள் ஸ்கேன் இல்லாமல் போட்டார்கள் என்பதைத் தாங்களே எழுதிவிட்டீர்கள். இன்று நான் பரிந்துரைக்கும் முறை அந்த மூன்றிலும் இல்லை. ஸ்கேன் இருந்தால் கழுத்து நரம்பை ஒட்டியிருக்கும் தமனி எங்கே என்பது தெரியும், நரம்பில் ஏற்கெனவே உறைவு இருக்கிறதா என்பதும் தெரியும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2002-லேயே இதைப் பரிந்துரைத்தது. செஃபாலிக் நரம்பு சிலருக்கு நூல் போல் மெலிந்திருக்கும், சிலருக்குக் கிடைக்கவே கிடைக்காது. கீறிய பிறகு அது தெரிந்தால், தாங்களும் காறை எலும்புக்கடியில் ஊசி போடத்தானே போவீர்கள்?

அந்த இடத்தைத்தான் நான் தவிர்க்கச் சொல்கிறேன். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் சிக்கிய குழாய், கையைத் தூக்கித் தூக்கி இறக்கும்போது கத்தரியில் அகப்பட்டது போல் நசுங்கி, சில மாதங்களில் அறுந்து, துண்டு இதயத்துக்குள் போனதை நானே பார்த்திருக்கிறேன். தலைச்சுமை தூக்குகிற, நாற்று முடி எறிகிற பெண்களுக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம். வலது கழுத்து நரம்பிலிருந்து பெருநரம்புக்குப் பாதை ஏறக்குறைய நேர்கோடு.

வெட்டாறு எழுதியது:

நசுங்கும் விஷயம் உண்மை. செஃபாலிக் வழியில் குழாய் வெளிப்புறமாக நுழைவதால் அது நேராது என்பதையும் பதிவு செய்கிறேன். மெலிந்த நரம்பு கிடைத்தால் கழுத்துக்குப் போகலாம் என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் எந்த வழியில் போனாலும் முனை எங்கே நிற்கிறது என்பதை சி-ஆர்ம் எக்ஸ்-ரே கருவியில் பார்க்காமல் தோலைத் தைக்க விடாதீர்கள். பெருநரம்பு இதயத்தோடு சேரும் இடத்துக்கு வெகு மேலேயே முனை நின்றுவிட்டால் உறைவு வரக்கூடும், அதன் பிறகு ஊசி நுழைத்த வழி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. நீங்கள் இருவரும் இவ்வளவு பேசியும் இதைச் சொல்லவில்லை.

குடமுருட்டி எழுதியது:

சொல்லியிருக்க வேண்டும், ஏற்கிறேன்.

மண்ணியாறு அவர்களுக்கு இன்னொன்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, எனக்குத் தெரிந்த பிக் லைன் நோயாளி ஒருவர் பதினெட்டு நாட்கள் ஊரைவிட்டு வெளியே வர முடியவில்லை. சாலையில் மரங்கள், வீட்டில் மின்சாரம் இல்லை, குளிக்கக் குளத்து நீர். வந்தபோது குழாய் அடைத்திருந்தது, நுழைந்த இடம் சீழ் பிடித்திருந்தது. போர்ட்டாக இருந்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும், ஊசி குத்தாத நாட்களில் தோல் மூடியிருப்பதால் குளிக்கலாம். அரசலாறு அவர்களின் தாயாருக்கு வாரச் சிகிச்சை ஐப்பசி, கார்த்திகையில் வருமா?

அரசலாறு எழுதியது:

கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டு வாரங்களில் ஏழு வாரம் அடைமழைக் காலத்தில்தான் வருகின்றன. இதற்கிடையே ஃபிஷ் முடிவும் வந்துவிட்டது, ஹெர்-2 பாசிட்டிவ். பாக்லிடாக்செலோடு தொடங்கி ஓராண்டுக்கு, ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி போட வேண்டும் என்கிறார்கள்.

மண்ணியாறு எழுதியது:

ஓராண்டு என்றால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன், தம்பி. நான் பேசியது பன்னிரண்டு வாரக் கணக்கை வைத்து. போர்ட்டே வையுங்கள். ஆனால் ஹூபர் ஊசி இரண்டும் போர்ட்டின் அட்டையும் எப்போதும் தாயாரின் பையில் இருக்க வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு இருந்துவிடாமல், அன்றே கீமோ பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

அரசலாறு எழுதியது:

அப்படியே செய்கிறோம். இரத்தத் தட்டணுக்கள் போதிய அளவு இருக்கின்றன, அடுத்த வியாழக்கிழமை வலது பக்கம் வைப்பதாக முடிவு. தாயார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரவிக்கைத் தையல் அதன் மேல் அழுத்துமா, தாலிச் சரடு உரசுமா?

வெட்டாறு எழுதியது:

அழுத்தவும் செய்யும், உரசவும் செய்யும். வழக்கமாக அணியும் ரவிக்கையோடும் சரடோடும் வந்து, படுப்பதற்கு முன் உட்கார்ந்த நிலையிலேயே இடத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். படுத்தபின் குறித்தால் தோல் இடம் மாறிவிடும்.