யாழ்ப்பாணப் பாய்க்கப்பல்: எந்த மரத்தில எந்தப் பாய்?

கரையூர்வாசி:
வணக்கம். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பலின்ர மாதிரி ஒண்டு 1:30 அளவில செய்யிறம். 89 அடி எண்டு எடுத்து உடல் 90 சென்ரிமீற்றருக்கு வந்திட்டுது. ஏரா (அடிமரம்), வங்கு (விலாச்சட்டம்), பலகை எல்லாம் முடிஞ்சுது. இப்ப பாயிலதான் குழப்பம். பழைய தோணிப் படங்களில முக்கோணப் பாய்தான் கிடக்கு. ரெண்டு பாய்மரத்துக்கும் அதையே கட்டினால் பிழையோ? துணிக்கு என்ன நிறம்?

வாடைக்காற்று:
ஓம், பிழைதான். ரெண்டு மரத்திலயும் முக்கோணம் போட்டால் அது தோணியாப் போயிடும். அன்னபூரணி பிரிகன்ரீன் வகை, ரெண்டு மரத்திலயும் வேற வேற பாய் வாற கப்பல். முன்மரத்தில குறுக்குப் பருமல்கள், எண்டால் பாய் கட்டுற கம்புகள்; அதில தொங்கிறது சதுரப் பாய். பின்னுக்கு நிக்கிற பெரிய மரத்தில கப்பலின்ர நெடுக்கா நிக்கிற பாய்; அதுக்கு மேல ஒரு சாய்மரம், கீழ ஒரு கிடைமரம். அணியத்தில, எண்டால் கப்பலின்ர முன்முனையில, நீட்டிக்கொண்டிருக்கிற மரத்துக்கும் முன்மரத்துக்கும் இடையில சின்ன முக்கோணப் பாய்கள். 1938ல 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எண்ட புதுப் பேரோட அமெரிக்காவின்ர குளொஸ்டர் துறைமுகத்தில போய்ச் சேர்ந்ததும் பிரிகன்ரீனாத்தான்.

ஏன் ரெண்டு வகை எண்டால், ஓட்டத்தைப் பாருங்கோ. வல்வெட்டித்துறையிலயிருந்து கோடியக்கரை வடமேற்கில, ஏறத்தாழ 60 கிலோமீற்றர். சோளகம் தென்மேற்கால அடிக்கும், வாடை வடகிழக்கால அடிக்கும். ரெண்டுமே அந்த ஓட்டத்துக்குப் பக்கக் காற்று. அதால எந்தப் பருவத்திலயும் ஒரே காற்றில போகவும் வரவும் ஏலும். நெடுக்குப் பாய் அதுக்குப் போதும். ரங்கூன் ஓட்டம் வேற. சோளகத்தில போனால் காற்று முதுகில, வாடையில திரும்பினாலும் முதுகில. அங்கதான் சதுரப் பாய் வேலை செய்யும். ஆனால் காற்றுக்கு 65, 70 பாகைக்குக் கிட்டச் சதுரப் பாய் ஏறாது. நெடுக்குப் பாய் 50 பாகை வரைக்கும் ஏறும். ரெண்டும் ஒரே கப்பலில இருந்தால் இந்த ரெண்டு ஓட்டத்துக்கும் உதவும்.

பருமல்:
வாடைக்காற்று சொன்னது சரி. மாதிரி செய்யிற ஆக்கள் வழக்கமா விடுற ரெண்டு பிழையைச் சேர்த்துச் சொல்லுறன்.

ஒண்டு, சதுரப் பாயின்ர பருமல் மரத்துக்கு முன்னால வரவேணும், பின்னால இல்லை. மற்றது, மரத்தைப் பக்கவாட்டில இழுத்துக் கட்டுற கயிறுகள். அதுகளை மரத்துக்கு நேர் பக்கத்தில கட்டினால் பருமல் திரும்பேக்க கயிற்றில முட்டி நிண்டிடும். கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, உங்கட அளவில ஒண்டு ரெண்டு சென்ரிமீற்றர் பின்னால கட்டுங்கோ. பருமலைக் கையால திருப்பிப் பாருங்கோ: கப்பலின்ர நடுக்கோட்டுக்கு 35 பாகை வரை வந்தால் சரி. கயிறு கட்டி முடிச்ச பிறகு பார்த்தால் எல்லாத்தையும் அவிழ்க்க வேண்டிவரும்.

கண்டல்பட்டை:
நிறம்: பெரிய கப்பலுக்குக் கித்தான், பழுப்பு வெள்ளை. செம்மண் நிறம் மீன்பிடி வள்ளங்களுக்குத்தான் பொருந்தும். கண்டல் பட்டையையோ பனிச்சங்காயையோ அவிச்ச சாயத்தில துணியை அந்தக் காலத்தில தோய்ப்பினம். பருத்தித் துணி ஈரத்தோட சுருட்டிக் கிடந்தால் பூஞ்சணம் பிடிச்சு இத்துப்போகும். சாயம் அதைத் தடுக்கும்.

மாதிரிக்குக் கடும் தேயிலைச் சாயம் காணும். காய்ஞ்சால் நிறம் குறையும், முதல்ல ஒரு துண்டில பாருங்கோ. பாயை ஒரே துணியா விடாதேங்கோ. ரெண்டடி அகலப் பட்டிகளைத்தான் சேர்த்துத் தைக்கிறது. உங்கட அளவில ரெண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு. சதுரப் பாயில கோடு மேலிருந்து கீழ, முக்கோணப் பாயில பின்விளிம்புக்குச் சமாந்தரமா. விளிம்பைச் சுத்திக் கயிறு வைச்சுத் தைச்சால்தான் பாய் தொங்கிற வடிவம் வரும்.

கரையூர்வாசி:
பெரிய உதவி. பக்கத்தில ஒரு சின்னத் தோணியும் வைக்கப்போறம். அதின்ர பாய்க்கு என்ன கவனிக்கவேணும்?

பருமல்:
தோணிக்கு மரம் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ஞ்சு நிக்கும். பருமல் மரத்தைவிட நீளம். ரெண்டு கம்பை நடுவில ஏத்தி வைச்சு வரிஞ்சு கட்டினது. கீழ்முனை அணியத்துக்குக் கிட்ட இறங்கும், பின்மூலையில பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிறு. பாய் மரத்துக்குக் காற்று மறைவுப் பக்கத்தில இருக்கவேணும். எதிர்ப்பக்கம் இருந்தால் துணி மரத்தில ஒட்டி வயிறு பிரிஞ்சிடும். கடலில திசை மாத்தேக்க அதுக்காகத்தான் தோணியைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி, தாமானை இளக்கி, பருமலை நிமிர்த்தி, பாயை மரத்துக்கு முன்னால சுத்தி மற்றப் பக்கம் கொண்டுவாறது. பலத்த காற்றில தாமானை இளக்க முந்தித் திரும்பினால் பாய் ஒரேயடியா மற்றப் பக்கம் அடிச்சு, மரம் முறியும், இல்லாட்டித் தோணி கவிழும்.

அடி தட்டையா இருக்கட்டும், பாக்கு நீரிணையில ஆழம் குறைவு. அணியத்தில ரெண்டு பக்கமும் கண் கீறுங்கோ, யாழ்ப்பாணத் தோணிக்கு அது அடையாளம்.

வாடைக்காற்று:
ரெண்டையும் ஒரே பலகையில வைக்கிறதெண்டால் எல்லாப் பாயும் ஒரே காற்றை வாங்கிறமாதிரித் திருப்புங்கோ. கொடியும் அதே காற்றில பறக்கவேணும்.