ஊரில் தனியாக வசிக்கும் ஆச்சிக்குப் பணம் அனுப்பினால் மட்டும் போதுமா?

கேள்வி: மானூர்க்காரன்

மானூர்ப் பக்கம் மானாவாரிக் கிராமம் ஒன்றில் என் ஆச்சி தனியாக வசிக்கிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பீடி சுற்றியே பிள்ளைகளை ஆளாக்கியவர்; நாங்களோ திருப்பூரிலும் சென்னையிலுமாகப் பிழைக்கிறோம். முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் வருகிறது. ஆனால் விரல்ரேகை தேய்ந்துவிட்டதால் ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் அது பதிவதில்லை. கிளைக்குப் போய்வர ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடுகிறது. எங்களோடு வந்து இருக்கவும் அவருக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

தம்பி, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் வீட்டிற்கே வந்து சேவை தர வேண்டுமென்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கிளை மேலாளரிடம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் காரியம் நடவாது. ரேஷன் பொருள்களை வீட்டில் சேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, கடையில் விசாரியுங்கள். ஆச்சிக்குப் பீடிக் கம்பெனியில் பி.எஃப். பிடித்தார்களா? பத்தாண்டுப் பணி இருந்தால் ஓய்வூதியம் உண்டு; அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாய். பழைய பாஸ்புக் பெட்டியடியில் கிடக்கிறதா என்று பாருங்கள். முதலாளி கொடுத்த அட்டையைப் பத்திரப்படுத்தாமல் விட்ட பெண்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

மறுமொழி: தென்காசி மகள்

அண்ணாச்சி, நான் கிராமச் சுகாதாரப் பணியில் இருக்கிறேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இது பெரிய ஆறுதல். ஆனால் பார்வை மங்கியதையும் காது கேளாததையும் "வயசானா அப்படித்தான்" என்று முதியவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள். கண்புரையால் அடுப்படியில் தடுமாறும் ஒருவர் மாதப் பணம் எவ்வளவு வந்தாலும் நல்லபடியாக வாழ்வதாகச் சொல்ல முடியாது. ஊருக்கு வரும்போது முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

இன்னொன்று: வீட்டையோ நிலத்தையோ பிள்ளைகள் பெயருக்கு எழுதும் எண்ணம் இருந்தால், ஆயுள்வரை பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழியுண்டு. பாசத்தால் ஒன்றும் எழுதாமல் கையெழுத்திட்டுவிட்டுத் திண்ணையில் ஒதுங்கியவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன்; மனம் பொறுக்கவில்லை.

மறுமொழி: மானூர்க்காரன்

இருவருக்கும் நன்றி. பாஸ்புக் இருக்கிறதா என்று ஆச்சியிடம் இன்றே கேட்கிறேன். வங்கிக்கு மனுவையும் கண் பரிசோதனையையும் பொங்கலுக்கு வரும்போது முடித்துவிடுகிறேன்.