ஃபோலியோவில் "மூலம்: கூகள்" என்று எழுதுகிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

சிப்புட்_மாலை_வகுப்பு:

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கோவில் மண்டபத்தில் இடைநிலைப் பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை வகுப்பு எடுக்கிறேன். பதினெட்டுப் பேர் வருகிறார்கள், பாதிப் பேருடைய தாத்தா பாட்டி பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர்கள், இப்போது சுற்றிலும் செம்பனை. எல்லார் கையிலும் போன் இருக்கிறது, கணினி மண்டபத்தில் ஒன்றுதான்.

போன வாரம் படிவம் 2 பிள்ளை ஒருத்தி ஊர் வரலாறு பற்றிய ஃபோலியோவை, அதாவது பள்ளிக்குச் செய்யும் ஆய்வுத் தொகுப்பைக் கொண்டுவந்தாள். அட்டை, படம், கையெழுத்து எல்லாம் அவ்வளவு அழகு. கடைசியில் ருஜுக்கான் (மூலங்களின் பட்டியல்) பக்கத்தைத் திருப்பினால் நாலு வரி. கூகள், விக்கிபீடியா, சாட்ஜிபிடி, அதற்கு அப்புறம் ஒரு புத்தகம். புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம் வரைக்கும் இருந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். நானும் படிக்கலாமே என்று தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடினேன், இல்லை. வேறு எங்கேயும் இல்லை. கேட்டால், "அது சாட்ஜிபிடி கொடுத்தது டீச்சர், புத்தகம் இருந்தா மார்க் கூடும்னு போட்டேன்" என்கிறாள். அவள் ஏமாற்ற நினைக்கவில்லை, அப்படி ஒரு புத்தகம் உண்மையிலேயே இருக்கிறது என்று நம்பித்தான் எழுதியிருக்கிறாள். எனக்கு அதுதான் ரொம்பக் கவலையாக இருக்கிறது.

மூலங்களை எழுதும் ஏபிஏ முறையிலிருந்து தொடங்கட்டுமா, இல்லை வேறு வழி இருக்கிறதா? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கங்சார்_வாத்தியார்:

டீச்சர், ஏபிஏவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புள்ளி எங்கே, கமா எங்கே என்று தொடங்கினால் பிள்ளைகளுக்கு அது இன்னொரு இலக்கணப் பாடம் ஆகிவிடும். நான் இருபது வருஷத்துக்கு மேல் வரலாறு எடுத்தவன், எனக்குப் பலன் கொடுத்தது ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதை அடிவரைக்கும் தேடிப் போனதுதான்.

உதாரணத்துக்கு, "மலாயாவுக்கு ரப்பரைக் கொண்டுவந்தவர் யார்?" என்று கேளுங்கள். ஒருவன் விக்கம் என்பான், ஒருத்தி ரிட்லி என்பாள், இன்னொருவன் ஹியூ லோ என்பான். மூன்று பேரும் இணையத்தில் பார்த்துத்தான் சொல்கிறார்கள், மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து விதைகளை இங்கிலாந்தில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் சிலவற்றை அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹியூ லோ எங்கள் கோலகங்சாரில் நட்டார். ரிட்லி சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்ததே 1888இல், அவருடைய பெரிய வேலை மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைச் சீராக்கியதும் ரப்பர் நடச் சொல்லித் தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்ததும். இவ்வளவும் பலகையில் வந்த பிறகு, "நீ எங்கே படித்தாய், அதை எழுதியவருக்கு யார் சொன்னது?" என்று கேளுங்கள். அப்போதுதான் மூலம் எதற்கு என்று பிள்ளைக்கே தெரியும், அதுவரைக்கும் அது மார்க்குக்காக எழுதும் பக்கம்தான். கோலகங்சாரில் இருக்கும் பழைய ரப்பர் மரத்தை நேரில் பார்க்க ஒரு சனிக்கிழமை கூட்டி வாருங்கள், பக்கத்து ஊர்தானே.

படிவம் 1 வரலாற்றுப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே சும்பர் பிரிமர் (முதல்நிலை மூலம்), சும்பர் செகுண்டர் (இரண்டாம்நிலை மூலம்) எல்லாம் வருகிறது. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் தன் ஃபோலியோவுக்கும் அதுதான் என்று யாரும் இணைத்துக் காட்டுவதில்லை.

நூலகப்_பூனை:

அக்கா, நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் ஊருக்கென்றே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலம் எப்போது தொடங்கியது என்று தேடச் சொல்லுங்கள். சில இடத்தில் 16 ஜூன் 1948 என்று இருக்கும், சில இடத்தில் 18 ஜூன். பிள்ளைகள் ஏதாவது ஒன்று தப்பு என்பார்கள். 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்தில் ஒருவரும் இன்னொரு தோட்டத்தில் இருவருமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது 18ஆம் தேதி. ஆக, எழுதுகிறவர் எதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொள்கிறாரோ அதைப் பொறுத்துத் தேதி மாறுகிறது.

அடுத்து, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தைத் திறந்து அந்த வாரத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸைக் காட்டுங்கள், போனிலேயே வரும், காசு கிடையாது. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் பத்திரிகை பெயர், தேதி, பக்க எண் மேலேயே இருக்கும், அதை அப்படியே எழுதினால் அதுவே மேற்கோள். தன் ஊர்ப் பெயரைப் பழைய பேப்பரில் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்!

விக்கிபீடியாவைத் தடை செய்யாதீர்கள். வரிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி எண்ணைத் தட்டி, அது எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய்ப் படித்து, படித்ததை மட்டும் எழுத வேண்டும். "நீ திறந்து பார்க்காததை எழுதாதே" என்ற ஒரே விதி போதும், அந்த இல்லாத புத்தகமும் அதிலேயே விழுந்துவிடும். பெரியவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள், தான் மட்டும்தான் தப்பு செய்ததாக நினைக்க வேண்டாம்.

படிவம்3_அம்மா:

வாத்தியார் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முறையைத் தள்ளி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் மகனுக்குப் பள்ளியில் மார்க் குறைந்தது முறை தெரியாததால்தான், தேடாததால் இல்லை. யார், எப்போது, என்ன தலைப்பு, எங்கே, இந்த நாலு கேள்விக்குப் பதிலை வரிசையாக எழுதினால் முக்கால்வாசி ஏபிஏ வந்துவிடுகிறது. பத்து நிமிஷ வேலை. முதல் நாளிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஒரே சிக்கல் நம் பெயர்கள். "குடும்பப் பெயரை முன்னால் போடு" என்று இருக்கிறது, நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் மகன் அப்பா பெயரை முன்னால் போட்டு, எழுதியவரையே மாற்றிவிட்டான். முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர்தானே, அவர் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "வீ" அப்பா வீராசாமி. "தி" தாத்தா பெயர் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள், அது திருஞான, அவருடைய சொந்தப் பெயரின் பாதி. ஆக, பட்டியலில் சம்பந்தன் முன்னால், வீ.தி. பின்னால். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்ட பெயர் என்றால் ஆளின் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால், வழக்கம்போல. அடையாளக் கார்டில் இருக்கும் தன் பெயரையே ஒவ்வொருவரையும் இப்படி எழுதச் சொன்னால் ஒரு வகுப்பு முழுக்கப் போகும், மறக்கவும் மாட்டார்கள்.

கங்சார்_வாத்தியார்:

அம்மா சொல்வது சரி, நாலு கேள்வியை முதல் நாளே வைத்துக்கொள்ளலாம். நான் பயப்படுவது பக்கம் பக்கமான விதிகளுக்குத்தான்.

டீச்சர், இன்னொன்று விட்டுவிட்டேன். பிள்ளைகளின் பாட்டிமாரை மறந்துவிடாதீர்கள். விடியும் முன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றது, பால் நிறுத்தது, மரத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் சேர்த்தது, இதெல்லாம் கூகளில் வருவதைவிட அவர்களிடம் நிறைய இருக்கிறது, அவர்களும் ஒரு மூலம்தான். அனுமதி கேட்டு, போனில் பதிவு செய்து, பெயர், செய்த வேலை, பேசிய தேதி, இடம் நான்கையும் எழுத வேண்டும். சொன்னதைச் சரிபார்க்கவும் வேண்டும். என் மாணவன் ஒருவனுடைய பாட்டி, "உன் மாமன் பொறந்த வருஷம்தான் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க" என்றார். அவன் மாமாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்து ஆண்டைக் கண்டுபிடித்து, அந்தப் பத்திரத்தையும் மூலமாகப் போட்டான். நான் திருத்திய ஃபோலியோக்களில் அதை இன்னும் மறக்கவில்லை.

சிப்புட்_மாலை_வகுப்பு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று 1948 பேப்பரைக் காட்டினேன், எட்டரைக்கு முடிய வேண்டிய வகுப்பு ஒன்பதே கால் வரை போனது. "திறந்து பார்க்காததை எழுதாதே" என்பதை மண்டபப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை நாலு வரியையும் தானே அடித்துவிட்டு, பாட்டியிடம் போய்ப் பேசிப் பதிவு செய்து வந்தாள்.

இப்போது அவளுக்கு ஒரு கேள்வி. பாட்டியின் கார்டில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது, பதியும்போது யாரோ காதில் விழுந்தபடி எழுதியது, பாட்டி தன்னை அப்படிச் சொல்வதே கிடையாது. ருஜுக்கானில் எதைப் போடுவது?

நூலகப்_பூனை:

பாட்டியிடமே கேட்கச் சொல்லுங்கள் அக்கா. அவர் சொல்லும் பெயரைப் போடட்டும்.