முகாம் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் படிக்கும் வகுப்பில் வாட்ஸ்அப் வதந்தியை எப்படி எடுப்பது?

மாலைவகுப்பு டீச்சர்:
வேலூர் பக்கத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள். பாதிப் பேர் ஊர்க்காரர்கள், மீதிப் பேர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறார்கள். போன வாரம் ஒரு பையன் அப்பாவின் போனைக் கொண்டுவந்து காட்டினான். புது வீட்டுப் படம், கீழே "முகாம்காரங்களுக்கு மாசம் இருபதாயிரம், வீடும் இலவசம், நமக்கு என்ன?" என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே முகாமிலிருந்து வரும் ஒரு பெண். அதைப் படித்துவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வகுப்பு முடியும்வரை வாயே திறக்கவில்லை. செய்தியைச் சரிபார்க்க இவர்களுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். அந்த ஃபார்வர்டையே எடுத்து அலசலாமா?

போளூர்க்காரன்:
பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊரிலிருந்து ஆரம்பியுங்கள். 2018 மே மாதம் எங்கள் பக்கம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரே கூடி அடித்ததில் ஒரு வயதான அம்மா இறந்தே போனார். அதற்கு முன்பு வாரக்கணக்கில் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது பிள்ளை கடத்தல் வதந்திதான். நாடு முழுக்க இப்படிப் பல சாவுகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில்தான் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பழைய மாணவன்:
டீச்சர், நான் முகாமில் வளர்ந்தவன், இப்போது ராணிப்பேட்டையில் வேலை. தயவுசெய்து அந்த ஃபார்வர்டை முதலில் எடுக்காதீர்கள். நம் வீட்டுக்கு வரும் உதவித்தொகை எவ்வளவு என்று கூடப் படிக்கிறவர்கள் ஆராயும்போது அங்கேயே உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. பிறகு எடுத்தால், உங்கள் வாயால் நீங்களே கணக்கைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்க வேண்டாம். 2021இல் உயர்த்திய பிறகு மாதத் தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500. வீடு கட்டுவது உண்மை. 2021 நவம்பரில் முதலமைச்சர் வேலூர் பக்கத்து மேல்மொணவூர் முகாமுக்கே வந்து 3,510 வீடுகளுக்கான வேலையைத் தொடங்கிவைத்தார். இந்த ஒரு உண்மை சேர்ந்திருப்பதால்தான் இருபதாயிரத்தையும் ஜனங்கள் நம்புகிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

எங்கள் பக்கமும் வதந்திக்குக் குறைவில்லை. 2024 மார்ச்சில் குடியுரிமைத் திருத்தச் சட்ட விதிகள் வந்ததும் "நமக்கும் கிடைக்கப்போகிறது" என்று நம்பியவர்களை எனக்கே தெரியும். அந்தச் சட்டத்தில் இருப்பது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும். போட்டில் ஆஸ்திரேலியா அனுப்புகிறேன் என்று ஏஜெண்டுகள் விடும் கதையும் அப்படித்தான். விசா இல்லாமல் போட்டில் வருகிறவர்களை அங்கே குடியேற விடமாட்டோம் என்று அந்த நாடு 2013லேயே சொல்லிவிட்டது. முகாம் வீடுகளில் இதை நம்பி நகை விற்றவர்கள் உண்டு. ஆக, பாடம் இரண்டு பக்கத்துக்கும் வேண்டும்.

காட்பாடி அக்கா:
2023 மார்ச்சை எடுங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சில வேறு மாநிலத்தில் எடுத்தவை. வதந்தி என்று நம் போலீசே மறுக்க வேண்டியிருந்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அதில் பழி விழுந்தது நம்மேல். ஊர்ப் பையனுக்கும் முகாம் பெண்ணுக்கும் அப்போது ஒரே கோபம்தான் வரும். அந்தக் கோபத்தோடு "இது எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, முதலில் போட்டது யார்?" என்று தேட விடுங்கள். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் பழைய பதிவுகள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மாலைவகுப்பு டீச்சர்:
சரி, 2023 வீடியோக்களில் தொடங்குகிறேன், குடியுரிமை வதந்தியும் ஆஸ்திரேலியா போட் கதையும் அடுத்த வாரம். இருபதாயிரம் கடைசியில்தான். அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட்டு எடுப்பேன். பிள்ளைகள் கையில் போன் இல்லை, ஸ்கிரீன்ஷாட்டை ஜெராக்ஸ் போட்டுத் தரப்போகிறேன். ரத்தம் இல்லாத காட்சியாக யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.